மூன்று தலை கொண்டான்

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சிறு பிழை. வெட்டும் முன் வாசகத்தை வாடிக்கையாளரிடம் வாசித்துக் காட்டிச் சரி வாங்கினேன். பொருளைக் கேட்க மறந்துவிட்டேன்.

இவ்வளவு எழுதிவிட்டு அவள் பேனாவை வைத்தாள்.

தரையில் ஒரு தலை கிடந்தது.

மதியம் மூன்று மணிக்கு அது உடம்போடுதான் அவளுடைய கல்வெட்டுக் கடைக்குள் வந்தது. ஊரே நடுங்கும் ரவுடி. மேசை மேல் அரிவாளை வைத்தான்.

"கறுப்புக் கல்லுல வெட்டினா அப்படியே பலிக்குமாமே?"

"பலிக்கும். கடைசிப் புள்ளி விழுந்ததும்."

"வெட்டு. மூன்று தலை கொண்டான்."

அவள் உளியைத் தொடவில்லை.

"அந்தக் காலத்துல ஒரு ராஜா எதிரி தலையை எடுத்துட்டு, தலை கொண்டான்னு பட்டம் வச்சுக்கிட்டானாம். அவன் எடுத்தது ஒண்ணு. நான் மூணு. பேரு நிலைக்கணும்."

"யாரு மூணு பேர்?"

"என் பழைய முதலாளி. அப்புறம் என் மச்சான்."

"ரெண்டுதானே ஆச்சு?"

"நீ என்ன கணக்கு வாத்தியாரா? நேத்துலேர்ந்து உங்க அண்ணனைக் காணோமில்ல? கல்லு முடிஞ்சா வீட்டுக்கு வந்துடுவான்."

அண்ணன்... அவளுக்கிருந்த ஒரே சொந்தம்.

சுண்ணக்கட்டியால் எழுதி வாசித்தாள். "சரியா?"

"சரி."

அவள் படிக்கப் போகும் மாலைத் தமிழ் வகுப்பில் சென்ற வாரம் நடத்தியது நினைவுக்கு வந்தது. கொண்டான் என்றால் எடுத்தவன். உடையவன் என்றும் பொருள். கேட்கலாமா?

அவன் அரிவாளைக் கையில் எடுத்தான்.

டக்... டக்... டக்...

ஐந்தரைக்குக் கடைசி எழுத்தின் மேல் புள்ளி விழுந்தது.

அவன் சட்டைப் பித்தான்கள் தெறித்தன. இடது தோளில் ஒரு வழுக்கை மண்டை முளைத்தது.

"வாடா விசுவாசி" என்றது முதலாளியின் தலை.

வலது தோளில் ஒரு மீசை.

"மாமாதானேன்னு கதவைத் திறந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றான் மச்சான்.

ரவுடி அலறிக்கொண்டு திரும்பினான். பிடரியைப் பிளந்துகொண்டு மூன்றாவது தலை. புருவத்தில் தழும்பு.

"குட்டி" என்று கூப்பிட்டது.

அண்ணன்.

உளி அவள் கையிலிருந்து நழுவியது. "எப்போ வெட்டினே?"

"நேத்தே... அழிச்சுடு தங்கச்சி. கால்ல விழறேன்..." என்று கெஞ்சினான் ரவுடி.

அழித்தால் அண்ணனும் போய்விடுவான்.

"கல்லுல அழிக்கிற வேலை கிடையாதுங்க."

கல் எண்ணிக்கையில் கறார். மூன்று என்றால் மூன்று. அவனுடைய சொந்தத் தலை நான்காவது. கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு ஓடியது...

மளுக்.

உருண்ட தலை கண்ணைச் சிமிட்டியது. இரண்டு முறை. உடம்பு மட்டும் அசையாமல் நின்றது. அண்ணனின் தலை நடுவுக்கு நகர்ந்து வந்தது.

"யாருப்பா காலை ஆட்டுறது?" என்றார் முதலாளி.

"நான்தாங்க. வீட்டுக்குப் போகணும்" என்றான் அண்ணன்.

அவள் நாட்குறிப்பை மறுபடி திறந்தாள். 'கேட்க மறந்துவிட்டேன்' என்பதை அடித்துவிட்டு, 'கேட்கவில்லை' என்று திருத்தினாள். கீழே எழுதினாள்:

நாளை: காலை பத்து மணிக்குத் தையல்காரர். அண்ணனுக்கு ஒரு சட்டை. கழுத்து, மூன்று.