பிளாஸ்டருக்குக் கீழே

டெலிபோன் அலறியது.

அம்பத்தூர் எஸ்டேட். ரப்பர் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் ரிசப்ஷன். காலை பத்தரை மணி.

ஆபரேட்டர் வனஜா ரிசீவரை எடுத்தாள்.

"வணக்கம். யாரு வேணும்?"

"நீங்கதான் வேணும் அக்கா..."

கம்மிய பெண் குரல். பின்னணியில் பஸ் ஹாரன்கள்.

"யாரு பேசறது?"

"ஜமீலா. கிளினிக் நர்ஸு. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டாண்ட எஸ்.டி.டி. பூத்துல கீறேன். நாளைக்குத் தையல் பிரிக்க வரச் சொன்னாரே டாக்டர்... வராதீங்க."

"ஏன்?"

"உங்களுக்குப் பண்ண அதே ஆபரேஷனை முந்தாநேத்து ஆவடி புஷ்பான்னு ஒருத்தங்களுக்குப் பண்ணாரு. இன்னிக்குக் காலையில அவங்க செத்துட்டாங்க."

வனஜா சுற்றுமுற்றும் பார்த்து, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள்.

ஒன்பது நாளுக்கு முன்னால்தான் அவளுக்கு மார்பைப் பெரிதாக்கும் ஆபரேஷன் நடந்திருந்தது. 1993-ல் அதை வெளியே சொல்ல முடியுமா? ஆபீஸில் மூச்சு விடவில்லை. அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

தெரிந்தது ஒரே ஒருவனுக்கு. கணவன் மனோகரன். அதே தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். ஆறு வருடத்துக்கு முன் காதலித்துக் கைப்பிடித்தவன்.

கண்ணாடி முன்னால் நிற்கவே கூசுகிறது என்று அவள் திக்கித் திணறிச் சொன்ன அன்று அவன் சிரிக்கவில்லை. வேலப்பன்சாவடியில் டாக்டர் திருவேங்கடத்தின் கிளினிக்கைக் கண்டுபிடித்தவன் அவன். ஸ்கூட்டரில் அழைத்துப் போனவன் அவன். தியேட்டர் வாசலில் நகம் கடித்தபடி உட்கார்ந்திருந்தவனும் அவன்தான்.

இப்படியொரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அவள் உள்ளூரப் பூரித்துப் போயிருந்தாள்.

"உடனே கிளம்பி வாங்க அக்கா. உங்க ஊட்டுக்காரருக்குச் சொல்லாதீங்க."

லைன் துண்டிக்கப்பட்டது.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் வனஜா இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பழக்கடைக்குப் பின்னால் ஜமீலா. வெள்ளைச் சேலைக்கு மேல் பர்தா. கையில் ஒயர் கூடை.

"டாக்டர் உங்க கிட்ட இன்னா சொன்னாரு?"

"ஜெல்லி மாதிரி ஒரு பையைக் கையில குடுத்து அமுக்கிப் பாக்கச் சொன்னாரு. மார்புக்குக் கீழ வெட்டி அதை உள்ள வெச்சு தெச்சுடுவேன்னாரு. பிளாஸ்டரைப் பத்து நாள் தொடாதன்னாரு."

"அந்தப் பையைத்தான் எல்லாருக்கும் காட்டறாரு. ஒரே பை. இன்னும் பீரோவுலதான் கீது."

ஜமீலா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"வலி இருந்துச்சா அக்கா?"

"எரிச்சல்தான். மூணாம் நாளே நானே ஜடை பின்னிகினு வேலைக்கு வந்துட்டேன்."

சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஜமீலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் இந்த கிளினிக்ல சேந்து ஒரு மாசம்தான் ஆவுது. முன்ன பெரிய ஆஸ்பத்திரியில மூணு வருஷம். இந்த ஆபரேஷன் பண்ணிகினவங்களைப் பக்கத்துல இருந்து பாத்துகீறேன். நெஞ்சு மேல பாறாங்கல்லை வெச்ச மாதிரி கீதுன்னு அழுவாங்க. ரத்தத் தண்ணி வடிய சில பேருக்கு டியூப் வெப்போம். ஒரு வாரத்துக்குக் கையைத் தூக்க முடியாது, தலை வார இன்னொரு ஆள் வேணும். வீக்கம் வடிய மாசக்கணக்கு ஆவும். மரத்துப் போற எடம் சில பேருக்குக் கடைசி வரைக்கும் மரத்தே கெடக்கும். உள்ள வெச்ச பை இறுகலாம், கிழியலாம். பத்துப் பன்னெண்டு வருஷத்துல மறுபடி கத்தி வெக்க வேண்டி வரலாம். இத்தனையும் மொதல்லயே சொல்லித்தான் கையெழுத்து வாங்குவாங்க."

"எனக்கு... எதுவுமே சொல்லல."

"மூணாம் நாள் ஜடை பின்னினேன்றீங்களே... அதான் அக்கா எனக்கு பயமா கீது. தியேட்டருக்குள்ள எங்களை விட மாட்டாரு. பிளாஸ்டரைப் பிரிச்சுப் பாருங்க."

பஸ் ஸ்டாண்டின் பெண்கள் கழிவறை. தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. வெளியே ஜமீலா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

வனஜா பிளாஸ்டரை உரித்தாள்.

குனிந்து பார்த்தாள்.

தையல் இல்லை. வெட்டே இல்லை.

பக்கத்துக்கு ஒன்றாகக் காய்ந்த ஊசித் துளைகள் மட்டும் கறுப்பாக இருந்தன.

வெளியே வந்து ஜமீலாவின் கையைப் பிடித்தாள்.

"எனக்குள்ள இன்னா இருக்கு ஜமீலா?"

ஜமீலா ஒயர் கூடையிலிருந்து ஒரு காலி டின்னை எடுத்தாள்.

"சிலிக்கான் ஆயில். ஊசியில ஏத்தியிருக்காரு. புஷ்பாவுக்கு ரத்தக் குழாய்ல ஏறி, நுரையீரலை அடைச்சிருக்கணும். ராத்திரி பூரா மூச்சுக்குத் தவிச்சாங்க."

வனஜா டின்னைத் திருப்பினாள். ரப்பர் அச்சில் ஒட்டாமல் இருக்க மெஷினில் தடவும் எண்ணெய். அவளுக்குப் பழக்கமான லேபிள். ஓரத்தில் அவள் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் சீல்.

சீலுக்கு மேல் மனோகரனின் கையெழுத்து.

அரை மணி நேரம் கழித்து, போலீஸ் ஸ்டேஷன். இன்ஸ்பெக்டர் தேவராஜ் டின்னை மேஜையில் வைத்தார்.

"கிளினிக்குக்கு ஆள் அனுப்பிட்டேன். ஆனா உங்க புருஷன் விஷயம் வேற. டின் திருடு போச்சும்பாரு. எதுக்குன்னு தெரியாம வித்தேன்பாரு. அவருக்குத் தெரியும்னு எப்படி நிரூபிக்கிறது?"

வனஜா யோசித்தாள்.

"ஒரு போன் பண்ணிக்கட்டுமா சார்?"

பக்கத்து அறை எக்ஸ்டென்ஷனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார் தேவராஜ். அவள் டயல் செய்தாள்.

"ஸ்டோர்ஸ்."

"நான்தாங்க. கிளினிக்ல ஒரு பொண்ணு செத்துடுச்சாம். எனக்கும் மூச்சு முட்டுதுங்க... பயமா இருக்கு."

"சீ, பைத்தியம். உனக்கு ஒண்ணும் ஆவாது."

"எப்படிச் சொல்றீங்க?"

"உனக்கு வெச்சது ஒரிஜினல் பை. திருவேங்கடத்தைக் கூப்ட்டு வெச்சு கண்டிஷனா சொன்னேன். என் பொண்டாட்டிக்கு மட்டும் ஆயில் ஏத்தக் கூடாதுன்னு."

வனஜா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்ப மத்த பொண்ணுங்களுக்கு?"

"அது உனக்கு எதுக்கு?"

"பிளாஸ்டரைப் பிரிச்சுப் பாத்தேன். தையல் இல்ல. எனக்கும் அதே ஆயில்தான்."

அவன் பதறுவான்... எங்கே இருக்கிறாய் என்று கேட்பான்... ஆறு வருட வாழ்க்கை அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்தது.

"பரதேசி... என்னை ஏமாத்திட்டானே" என்றான் மனோகரன்.

அவள் ரிசீவரைப் பார்த்தாள்.

"ஆமாய்யா. உன்னைத்தான் ஏமாத்திட்டான்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பக்கத்து அறையிலிருந்து தேவராஜ் தொப்பியை மாட்டிக்கொண்டே வந்தார்.

சூட்கேஸும் கையுமாகக் கிளம்பிய திருவேங்கடம் கிளினிக் வாசலிலேயே பிடிபட்டான். டாக்டராம்! விசாரித்ததில், மருந்துக் கம்பெனியில் ரெப்ரசன்டேட்டிவாக இருந்து வேலை போனவன் என்று தெரிந்தது. அவனுக்கு டின் டின்னாக எண்ணெய் விற்றுக் காசு பார்த்த மனோகரனை ஸ்டோர்ஸ் கவுண்டரில் வைத்தே கைது செய்தார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் வனஜாவுக்கு இரண்டு ஆபரேஷன்கள். எண்ணெய் ஊறிய சதையை வெட்டி எடுத்தார்கள். முழுவதும் எடுக்க முடியவில்லை, வருஷா வருஷம் காட்ட வேண்டும் என்றார்கள். தழும்புகள் மிஞ்சின. உயிரும் மிஞ்சியது. ஜமீலாதான் தினமும் வந்து தலை வாரிவிட்டாள்.

வழக்கு முடிந்து, பத்து வருடத் தண்டனையோடு மனோகரன் வேனில் ஏறும்போது வனஜா எதிரே நின்றாள்.

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"வனஜா... உனக்குக் கெடுதல் நெனைக்கலடி. உனக்கு மட்டும் ஒரிஜினல்தான்னு சொன்னேனே. ஒரு வார்த்தை பேசிட்டுப் போ."

வனஜா நிதானமாகச் சொன்னாள்.

"விசாரிச்சுட்டேன்யா. உள்ள போடற களி ஒரிஜினலாம். கலப்படமே கெடையாதாம். பயப்படாம சாப்பிடு."