ஒரு சிட்டிகை வசியம்

முகேஷ்குமார் கட்டிலில் கிடந்தான்.

இனி எழுந்திருக்க மாட்டான்!

குஜிலியம்பாறைக்குத் தெற்கே ஒரு தோட்டத்து வீடு. கம்பிப் பந்தல் முழுக்கக் கண்வலிப் பூ, அதாவது செங்காந்தள்... சிவப்பும் மஞ்சளுமாய்!

உச்சி வெயில். பிணத்தைப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்தியபடி வெளியே வந்தார் இன்ஸ்பெக்டர் சேதுபதி. பாவம், காலையில் டீகூடக் குடிக்காத மனிதர்.

செத்தவனின் மனைவி அம்பிகா ஒரு செம்பை நீட்டினாள்.

"மோர் சார். வெயில்ல வந்திருக்கீக..."

மடக் மடக்கென்று பாதிச் செம்பு காலி! மீதியை ஏட்டு நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

"வேணாம் சார்... எனக்குச் சளி."

சேதுபதி விசாரணையைத் தொடங்கினார்.

"எப்பம்மா ஆரம்பிச்சது?"

"முந்தாநாளு சார். ஒரே வாந்தி, பேதி. வத்தலக்குண்டுல தின்ன பரோட்டா ஒத்துக்கல!"

"அங்க என்ன வேலை அவனுக்கு?"

அம்பிகாவின் முகம் சுண்டியது.

"ஒருத்தி இருக்கா சார்... மாசத்துல பாதி நாளு அங்கதான். எத்தன தடவ அழுதிருப்பேன்! அதான் குறி சொல்ற பேச்சாயிகிட்டப் போனேன். கண்வலிக் கெழங்க இடிச்சு, மந்திரிச்சுக் குடுத்துச்சு. சோத்துல ஒரு சிட்டிகை போடு தாயி, உன் புருசன் வீட்ட விட்டு நகர மாட்டான்னுச்சு."

நகரவில்லைதான்!

"அடிப்பாவி! கண்வலிக் கெழங்கு வெசம்னு தெரியாது?"

"பந்தல் போட்டு வெள்ளாம பண்றவளுக்குத் தெரியாதா சார்? வெசத்ததான் பேச்சாயி மந்திரிச்சு எறக்கிருச்சே!"

சேதுபதி தலையில் அடித்துக்கொண்டார். செல்போனை எடுத்து திண்டுக்கல் ஆஸ்பத்திரி டாக்டர் கீர்த்தனாவை அழைத்தார். ஸ்பீக்கர் போட்டார்.

"டாக்டர்... கண்வலிக் கிழங்கு. உடனே கொண்டு வந்திருந்தா பிழைச்சிருப்பானா?"

"சொல்ல முடியாது சார். அதுக்கு மாத்து மருந்தே கிடையாது. மொதல்ல சில மணி நேரம் நல்லாத்தான் இருப்பாங்க... நடப்பாங்க, பேசுவாங்க. அப்புறம்தான்... எங்களால ஆனதப் பாத்துட்டு, பக்கத்துல நிக்கிறதத் தவிர வழியில்ல."

அம்பிகா அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப... நாந்தான் கொன்னேனா? ஐயோ... எங்கூடவே இருக்கணும்னுதான சார் போட்டேன்!"

சேதுபதி தொண்டையைச் செருமினார்.

"மிச்சப் பொடி எங்கம்மா? எவிடன்ஸ்."

"தீந்துருச்சு சார்..."

"எதுல தீந்துச்சு?"

அவள் கண்கள் செம்பைப் பார்த்தன.

"போலீசு எம்மேல சந்தேகப்படுமேன்னு... நீங்க எம்பேச்சக் கேக்கணும்னு... மோர்ல..."

செம்பு தரையில் உருண்டது!

சேதுபதிக்கு வேர்த்தது. தொண்டையில் விரலை விட்டார். வெறும் இருமல்தான் வந்தது. திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேர ஓட்டம்... போயும்தான் என்ன?

ஏட்டு ஜீப்பைக் கிளப்பினார். ஏறி உட்கார்ந்த சேதுபதி, சின்னப் பிள்ளைபோல அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாச்சிமுத்து... நான் இப்ப நல்லாத்தானய்யா இருக்கேன்?"

ஏட்டு மூக்கை உறிஞ்சினார்.

"அதத்தான சார் டாக்டரும் சொன்னாங்க!"