வெல்டைத் தட்டிப் பார்க்காத வீடு

“அண்ணே, கொஞ்சம் வந்து பாரேன்.”

பின்பக்கக் கொட்டகையிலிருந்து கொழுந்தன் கூப்பிட்டது சமையலறைவரை கேட்டது. எதற்கெடுத்தாலும் கத்துகிறவன் இன்று கத்தாமல் கூப்பிட்டான். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

கணவர் கையைத் துடைத்துக்கொண்டு போனார். அவள் பின்னால் போகவில்லை. அங்கே என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். அவள் செய்ததுதானே.

கொட்டகையில் நின்றது நண்டு. பாறை மேல் ஏறுகிற வண்டிக்கு வீட்டில் வைத்த பெயர் அது. கழித்துப்போட்ட ஜீப்பின் இரண்டு அச்சு, நொறுங்கிய வேன் ஒன்றின் எஞ்சின், பழைய பஸ்ஸின் சீட்டு, இரும்புக் கடையில் பொறுக்கிய குழாய்கள் என்று சேர்த்து, பதினான்கு மாதமாக அண்ணனும் தம்பியும் வீட்டிலேயே கட்டியது. புதிதாக வாங்கியது டயர் மட்டும்தான். தம்பி லேத்துக்காரன். அச்சும் கியரும் ஸ்டியரிங்கும் அவன் பொறுப்பு. அண்ணன் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் முப்பது வருட வெல்டர். அடிச்சட்டமும், ஓட்டுகிறவன் தலைக்கு மேல் கவிந்திருக்கும் குழாய்க் கூண்டும் அவர் கைவேலை. வண்டி குப்புற விழுந்தால் ஆளைக் காப்பாற்ற வேண்டியது அந்தக் கூண்டு. ஞாயிற்றுக்கிழமை பாறையேற்றப் போட்டி, ஓட்டப்போவது கொழுந்தன். இன்று வியாழன்.

கூண்டின் நான்கு கால்களும் அடித்தகட்டிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ரம்பத்தால் அறுபட்டிருந்தன.

“பூட்டு உடையல, சாவி மாட்டின இடத்துலயே இருக்கு. வெளியாள் இல்லண்ணே,” என்றான் கொழுந்தன், வீட்டுக்குள் வந்து.

அவன் மனைவி, இடுப்பில் குழந்தையோடு, சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவள் கண் நேராகக் கரண்டி பிடித்த கைக்குப் போயிற்று.

“அக்கா, அந்தக் கையைக் காட்டுங்க.”

காட்டினாள். உள்ளங்கையில் வரிசையாக மூன்று கொப்புளம். மறைக்க வேண்டுமென்று தோன்றவில்லை.

“நான்தான் அறுத்தேன். நேத்து மத்தியானம்.”

குழந்தை “நண்டு, நண்டு” என்று சொல்லிக்கொண்டிருந்தது.

“துணி வெட்டற கை இரும்பையும் வெட்டுமா? தெரியாமப் போச்சே எனக்கு,” என்றாள் ஓரகத்தி. குரல் உடைந்தது. “நீங்க தைக்கிற கொட்டகையைக் காலி பண்ணி வண்டி நிறுத்தினாங்க, சரி. அன்னைக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே... பெரிய மனசு மாதிரி மெஷினை நடையில தூக்கிப் போட்டுக்கிட்டு, இப்ப வந்து பழி தீர்க்கறீங்களா? என் புருஷன் பேரு நாலு பேர் வாயில வந்தா உங்களுக்கு ஏன் எரியுது?”

“நீ சும்மா இரு,” என்றான் கொழுந்தன். ஆனால் அவனும் அண்ணியைப் பார்க்கவில்லை.

“ஏன்?” என்று கேட்டார் கணவர்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளுக்கு இடது பக்கம், ஒரு முழம் தள்ளி, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேதான் அவள் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டு.

“பிடிக்கல. அதான்,” என்றாள்.

“இனிமே கொட்டகைப் பக்கம் காலை வைக்காத,” என்று சொல்லிவிட்டு அவர் சட்டையை எடுத்தார்.

ஒரு மாதமாகவே அவளுக்குத் தெரியும். டம்ளரை மேசை விளிம்புக்கு வெளியே வைத்துவிட்டு, உடைந்த பிறகு டம்ளரைத் திட்டுவார். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போடுவார். “ஒருதரம் டாக்டர்கிட்ட காட்டிடலாமேங்க” என்றதற்குப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். பிறகு அவரே வந்து, “பட்டறையில தெரிஞ்சா நாளைக்கே வீட்ல உக்கார வெச்சிடுவாங்க. தம்பிக்குக்கூடத் தெரியக் கூடாது. யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்னு சொல்லு,” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை கூண்டுக்குப் பெயின்ட் அடிப்பது அவள் வேலையாக இருந்தது. மேலே உள்ள இணைப்புகள் போன வருடம் வைத்தவை. குற்றம் சொல்ல முடியாது. கடைசியாக வைத்தது கால்கள் நான்கையும். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு விரலை ஓட்டினாள். இருபது வருடம் துணி தைத்த விரல் அது. தையல் மடிப்பை விட்டு நூல் கனம் விலகி ஓடியிருந்தாலும் அதற்குத் தெரியும். அப்படி ஓடிய தையல் பார்க்க நேராக, அழகாக இருக்கும். இழுத்தால்தான் பிரியும். இங்கேயும் அப்படித்தான் இருந்தது. வெல்டு வரி வரியாக, அவர் கையெழுத்து மாதிரி ஓடியிருந்தது. ஆனால் குழாயும் தகடும் சேர்கிற இடத்தில் ஓடவில்லை, ஓர் அரிசி அகலம் தள்ளித் தகட்டின் மேலேயே ஓடியிருந்தது. இடையில் மயிரிழைச் சந்து.

“கால்ல கொஞ்சம் விலகின மாதிரி இருக்குங்க...” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

“முப்பது வருஷமா பஸ் கட்டறேன். என்னைக்காவது ஒரு பஸ் பிரிஞ்சு ரோட்டுல கிடந்து பாத்திருக்கியா?” என்று சிரித்தார்.

தம்பியும் பார்க்க மாட்டான். தன் அச்சை நாலு தரம் கழற்றிப் பூட்டுகிறவன், அண்ணன் வைத்த வெல்டைச் சுத்தியால் தட்டிப் பார்க்க மாட்டான். அந்த வீட்டில் அது மரியாதைக் குறைவு. யாரும் தட்டியதில்லை. சொன்னால் கணவருக்குக் கொடுத்த வாக்குப் போகும். பெயின்ட் பூசி வாயை மூடிக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் அந்தக் கூண்டுக்குள் உட்காருவான். புதன் காலை முழுதும் யோசித்தாள். மத்தியானம் ரம்பத்தை எடுத்தாள்.

வியாழனன்று மத்தியானம்வரை யாரும் அவளோடு பேசவில்லை. ஓரகத்தி தனக்கும் குழந்தைக்கும் மட்டும் தட்டு எடுத்துக்கொண்டு போனாள். இவள் தன் துணிகளில் நான்கை எடுத்துப் பைக்குள் வைத்தாள், திரும்ப எடுத்தாள், மறுபடி வைத்தாள். எங்கே போவதென்று தெரியவில்லை.

மத்தியானம் லீவு போட்டுவிட்டு வந்த கொழுந்தன் கொட்டகைக்குள் நுழைந்தான். அறுந்த அடிக்கட்டைகளை எடுத்துவிட்டுப் புதுக் குழாய் வைக்கலாமென்று சுத்தியை ஓங்கினான். ஒரு சத்தம், இரும்பு தரையில் உருளும் ஓசை. பிறகு இன்னொன்று. பிறகு வெகுநேரம் எதுவுமில்லை.

அவள் நடையிலேயே, தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் கணவர் பட்டறையிலிருந்து வந்ததும் கொழுந்தன் எல்லோரையும் கொட்டகைக்குக் கூப்பிட்டான். “அண்ணி, நீங்களும் வாங்க.” அவன் முகம் வெளுத்திருந்தது. தரையில் நான்கு கட்டைகள் கிடந்தன. அவற்றின் அடியில் அங்கங்கே ஒரு புள்ளி தவிர வெல்டு ஒட்டிய தடமே இல்லை. வெல்டு முழுதும் தகட்டோடு தங்கியிருந்தது.

“ரெண்டு ஒரே தட்டுல விழுந்துச்சு. மத்த ரெண்டும் மூணு தட்டுல. இதுக்குள்ளதான் நான் உக்காந்திருப்பேன்,” என்றான். “அண்ணி, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

அவள் கணவரைப் பார்த்தாள்.

“சொல்லியிருக்கலாமே அண்ணி... ஏன் சொல்லல?”

கணவர் குனிந்து, தரையைத் தடவி, ஒரு கட்டையை எடுத்தார். அதன் விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றி வந்தார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பிறகு தகட்டைத் தேடி, அதில் ஓடிய தன் வெல்டைத் தொட்டார்.

“அவ சொல்ல மாட்டா. சொல்லக் கூடாதுன்னு நான் வாக்கு வாங்கி வெச்சிருந்தேன்,” என்றார். “எனக்குக் கண்ணு தெரியல தம்பி. ஆறு மாசமா சரியாத் தெரியல. பொறியோட வெளிச்சத்துல குத்துமதிப்பா வெச்சுக்கிட்டு இருக்கேன்... உன்னைக் கொன்னுருப்பேன்டா.”

அவர் காலமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவள் காதில் விழுந்துகொண்டிருப்பது அந்தக் குரல்தான்.

தம்பி அண்ணனைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல அழுதான். ஓரகத்தி குழந்தையோடு வந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

“நாலு வார்த்தை திருப்பித் திட்டியிருக்கலாமே அக்கா. வாங்கிக்கிட்டே நின்னீங்களே...”

“திட்டறதெல்லாம் இருக்கு. தனியா வெச்சுக்கறேன்,” என்றாள் அவள், அழுதுகொண்டே.

அந்த ஞாயிற்றுக்கிழமை போட்டிக்குப் பதில் கண் டாக்டரின் நாற்காலி. நரம்பு பட்டுப்போய்விட்டது, போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். அடுத்த வாரம் கணவர் தாமாகவே பட்டறையில் சொல்லிவிட்டு வந்தார்.

கூண்டின் கால்களைத் தம்பி வைத்தான். அண்ணன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பொறி எரிகிற சத்தத்தைக் கேட்டுச் சொன்னார்: “படபடங்குது பாரு, கையைக் கிட்டக் கொண்டு போ... இப்ப சரி.” முடிந்ததும் ஒவ்வொருவரும் தட்டிப் பார்த்தாக வேண்டும் என்றார். ஓரகத்தி இரண்டு கையாலும் சுத்தியைத் தூக்கி அடித்த அடியில், “வண்டியை விடும்மா, உடைச்சிடாத” என்று கொழுந்தன் குறுக்கே வந்தான்.

அடுத்த போட்டி மூன்று மாதம் கழித்து. பாறைகளுக்குக் கீழே, கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே அவளும் கணவரும் நின்றார்கள். அவருக்கு எல்லாம் புகை. அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“முன் சக்கரம் ஏறிடுச்சு. இப்ப பின் சக்கரம்... வழுக்குது. மறுபடி வெக்கறார். ஏறுது...”

சட்டென்று கூட்டம் ஓவென்றது.

“என்ன?”

நண்டு மெதுவாக, மிக மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்தது. ஒரு கணம் நின்றது. பிறகு புரண்டு, கூண்டு பாறையில் மோத, தலைகீழாக விழுந்தது. சக்கரங்கள் வானத்தைப் பார்த்துச் சுற்றின. புழுதி மூடிக்கொண்டது.

“என்னாச்சு? சொல்லு... ஏன் பேச மாட்டேங்கற?” அவர் விரல்கள் அவள் மணிக்கட்டை நெரித்தன.

புழுதி விலகியது. குழாய் எதுவும் மடங்கவில்லை. நான்கு கால்களும் நின்ற இடத்தில் நின்றன. நடுவே பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிய உருவம் ஒரு கையை வெளியே நீட்டி ஆட்டியது.

“கவுந்திருக்குங்க,” என்றாள். “தம்பி கையாட்டறார்.”

“நிஜமா?”

“நிஜமாங்க.”

அவர் பிடியை விடவில்லை. “இன்னும் ஆட்டறானா, பாத்துச் சொல்லு,” என்றார்.

“இன்னும் ஆட்டிக்கிட்டுதான் இருக்கார்.”