பழைய டோஸ்

ஏழாம் நம்பர் அறையில் நவநீதன் செத்துக் கிடந்தான்.

காலை ஆறரை மணி. காபி கொண்டுபோன அட்டெண்டர் மயில்சாமிதான் முதலில் பார்த்தான். பார்த்தவன் கத்தவில்லை. நேராகப் போய் நர்ஸ் ஜூடித்தின் கதவைத் தட்டினான்.

"சிஸ்டருங்க... ஏழாம் நம்பர் தம்பி எந்திரிக்க மாட்டேங்குது. ஒடம்பு சில்லுன்னு இருக்குங்க."

ஜூடித் ஓடினாள்.

உதடு நீலம். நகம் நீலம். வாயோரம் நுரை காய்ந்திருந்தது. இருபத்தாறு வயசு. நேற்று சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கி, "அக்கா கல்யாணம் நல்லா நடந்துச்சு சிஸ்டர்" என்று லட்டு நீட்டியவன்.

மஞ்சூருக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், ஒரு பழைய எஸ்டேட் பங்களா. இப்போது அது போதை மறுவாழ்வு இல்லம். பன்னிரண்டு பேஷண்ட். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு அட்டெண்டர். உயரமான காம்பவுண்டு. ஒரே கேட்.

டாக்டர் ராஜசேகர் வந்தார். குனிந்தார். நிமிர்ந்தார்.

"ஹார்ட் அட்டாக். ரொம்ப நாள் ஊசி போட்ட ஒடம்பு... தாங்கல."

ஜூடித் அந்த நீல நகங்களை மறுபடி பார்த்தாள்.

மூன்று மாதமாக அவள் ஒரு படிப்பு படிக்கிறாள். கோயமுத்தூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆன்லைன் வகுப்பு. போதைப் பழக்கமும் மூளை நரம்பியலும். சேர்வதற்கான கடிதத்தில் கையெழுத்துப் போட்டதே ராஜசேகர்தான். 'படி, நம்ம இல்லத்துக்கும் பெருமை' என்றார்.

போன சனிக்கிழமை வகுப்பில் பேராசிரியை சொன்னது அவள் காதில் ஓடியது.

'மூளை மருந்துக்குப் பழகிடும். அதே போதைக்கு இன்னும் இன்னும்னு கேக்கும். பத்து நாள் நிறுத்தினா பழகினதை மறந்துடும். அப்ப பழைய டோஸைக் குடுத்தா, மூச்சு விடணும்ங்கறதையே மறந்துடும்.'

பத்து நாள்.

நவநீதன் கல்யாணத்துக்கு லீவில் போனது பத்து நாள்!

"எங்க ஊட்டுல ஒரே குளிர் சிஸ்டர். மூக்கு ஒழுகுது, கொட்டாவியா வருது, வயித்தால போச்சு. நம்ம வைட்டமின் மாத்திரை இல்லாம ஆவல போல" என்று நேற்றுச் சிரித்தான். அது ஜலதோஷம் இல்லை. போதை கிடைக்காத உடம்பு படுகிற பாடு. ஆறு மாதமாக எந்தப் போதையும் தொடாதவனுக்கு ஏன் அது வர வேண்டும்?

வந்ததும் வழக்கமான கேப்ஸ்யூல் கொடுத்தாயிற்று. வழக்கமான அளவு.

கொடுத்தது ஜூடித்தின் கை.

வைட்டமின் என்ற பெயரில் அவள் கொடுத்து வந்தது போதை மருந்து. பன்னிரண்டு பேரும் ஏன் குணமாகிப் போய், ஏன் திரும்பித் திரும்பி வருகிறார்கள் என்பது அந்த நிமிஷத்தில்தான் விளங்கியது. நேராக டாக்டர் அறைக்குப் போனாள்.

"போஸ்ட்மார்ட்டம் பண்ணணும் சார்."

"எதுக்கு?"

"அந்த வைட்டமின் கேப்ஸ்யூல்ல என்ன இருக்குன்னு தெரியணும்."

ராஜசேகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிதானமாகத் துடைத்தார்.

"சரிதான். நல்லாவே படிச்சிருக்க. யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார். முதல்ல உங்ககிட்ட கேக்கணும்னு..."

"நல்ல பொண்ணு. மருந்து ரூம்ல அவன் ஃபைல் இருக்கும், எடுத்துட்டு வா."

போனாள். அலமாரியைத் திறந்தாள். பின்னால் கதவு சாத்தும் சத்தம். பூட்டு விழும் சத்தம்.

செல்போன் அவள் அறையில் சார்ஜில் கிடந்தது. ஜன்னலுக்குக் கம்பி. கம்பிக்கு அப்பால் மூடுபனி. கத்தினாள். கேட்டிருந்தாலும் பேஷண்டுகள் என்ன செய்வார்கள்? இந்த இல்லத்தில் கத்தாத ஆளே கிடையாது.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. ராஜசேகர் கையில் சிரிஞ்சு. பின்னால் மயில்சாமி.

"உன் கதையை நான் இப்படிச் சொல்லப் போறேன் ஜூடித். போதையைப் பத்திப் படிச்சுப் படிச்சு உனக்கே ஆசை வந்துடுச்சு. மார்ஃபினைத் திருடின. நவநீதனுக்கும் குடுத்த. அவன் செத்ததும் பயந்து நீயும் போட்டுக்கிட்ட. மயில்சாமி, பிடி."

"அண்ணா, வேண்டாங்கண்ணா..."

மயில்சாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் பிடித்தான். இரும்புப் பிடி.

ஊசி நரம்பில் இறங்கியது. காலி சிரிஞ்சைக் கர்சீப்பால் துடைத்து, அவள் விரல்களில் அழுத்தி எடுத்துத் தரையில் போட்டார். கதவு மறுபடி பூட்டிக்கொண்டது.

ஜூடித் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்குப் பாடமாகவே தெரியும். அதுதான் கொடுமை. முதலில் ஒரு இதமான சூடு. அப்புறம் இமை கனக்கும். அப்புறம் மூச்சு ஒன்றொன்றாகக் குறையும். செபம் சொல்லத் தொடங்கினாள்.

ஒரு நிமிஷம்.

மூன்று நிமிஷம்.

ஐந்து.

சூடும் இல்லை, சுகமும் இல்லை. குத்திய இடம் மட்டும் வலித்தது. செபத்தை நிறுத்தினாள். உள்ளே போனது மருந்தே இல்லை.

ஏன் என்று யோசிக்க நேரமில்லை. செருப்புச் சத்தம்...

படுத்தாள். வாயைத் திறந்து வைத்தாள். மூச்சைப் பாடத்தில் இருந்தபடியே விட்டாள். ஒன்று. நீண்ட இடைவெளி. ஒரு குறட்டை. மறுபடி இடைவெளி.

கர்சீப் சுற்றிய விரல் ஒன்று அவள் இமையைத் தூக்கியது. போதையில் கண்மணி கடுகாய்ச் சுருங்கியிருக்க வேண்டும். அதை மட்டும் நடிக்க முடியாது. மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள்.

பளீரென்று செல்போன் டார்ச்.

வெளிச்சம் பட்டதும் கண்மணி தானாகச் சுருங்கியது. யாருக்கும் சுருங்கும். டாக்டருக்கு அது தெரியாதா என்ன? ஆனால் பார்க்க விரும்பியது கண்ணில் பட்டதும் அவர் அதற்கு மேல் பார்க்கவில்லை. நாடியைப் பிடித்திருந்தால் உண்மை குதிரை ஓட்டத்தில் ஓடுவது தெரிந்திருக்கும். ரேகை படுமே என்று அவர் அவள் கையைத் தொடவே இல்லை.

வெளியே போய்ப் பூட்டினார். போனில் குரல் கேட்டது.

"போலீஸ் ஸ்டேஷனா? இங்க ஒரு பயங்கரம் நடந்துடுச்சுங்க..."

ஜீப் வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. அவர் எப்போது எட்டிப் பார்ப்பாரோ என்று அந்த நாற்பது நிமிஷமும் ஜூடித் பிணமாகவே கிடந்தாள். முழங்காலில் அட்டை ஒன்று ஏறியது. விட்டுவிட்டாள்.

கதவு திறந்தது. பூட்ஸ் சத்தம். இன்ஸ்பெக்டர் சசிரேகா.

"எப்ப நடந்துச்சு டாக்டர்?"

"எங்களுக்கே இப்பத்தான் தெரியும் மேடம். உள்பக்கமாப் பூட்டிக்கிட்டா, மாத்துச் சாவி போட்டுத்தான் திறந்தோம். நல்ல பொண்ணு. கெட்ட சகவாசம். அந்தப் பையனையும் கொன்னுட்டு..."

"ஊசியை இவங்களே போட்டுக்கிட்டாங்களா?"

"ஆமா மேடம். எனக்கும் இந்த மயில்சாமிக்கும் தெரியவே தெரியாது."

"எனக்குத் தெரியும் மேடம்," என்றபடி ஜூடித் எழுந்து உட்கார்ந்தாள்.

கான்ஸ்டபிள் ஒருவர் 'கந்தா, காப்பாத்து' என்று அலறிக்கொண்டே வாசல்வரை போய்விட்டார். ராஜசேகர் நகரவில்லை. நகர முடியவில்லை.

ஜூடித் எல்லாவற்றையும் சொன்னாள். கேப்ஸ்யூல், பத்து நாள், பழைய டோஸ், ஊசி. சொல்லி முடிக்கும்போதுதான் அழுதாள். "நவநீதனுக்கு என் கையாலதான் மேடம் குடுத்தேன்."

"தெரிஞ்சா குடுத்தீங்க?" என்றார் சசிரேகா. அப்புறம் டாக்டரின் கையில் விலங்கை மாட்டினார்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல. அந்த ஊசியில என்ன இருந்துச்சு?"

மயில்சாமி தொண்டையைச் செருமினான்.

"தண்ணிங்க."

எல்லோரும் திரும்பினார்கள்.

"நாலு வருசத்துக்கு முன்னால நானும் இங்க பேஷண்டுதானுங்க. குணமே ஆவல. வேலை போட்டுக் குடுத்தாரு. மருந்து பீரோ சாவி எங்கிட்டத்தான். மருந்தை உறிஞ்சி நான் போட்டுக்கிட்டு, பாட்டில்ல தண்ணிய ஏத்தி வெச்சிருவனுங்க. ஒண்ணு விடாம எல்லாமே தண்ணிதான். அந்தத் தைரியத்துலதான் சிஸ்டர் கையப் பிடிச்சேன். மாட்டேன்னு சொல்லியிருந்தா தலகாணிய எடுத்திருப்பாருங்க."

சசிரேகா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"உன் மேல திருட்டுக் கேஸ் போட்டே ஆகணும், தெரியுமில்ல?"

"தாராளமாப் போடுங்க மேடம்," என்றான் மயில்சாமி. "நான் யோக்கியனா இருந்திருந்தா சிஸ்டருக்கு இந்நேரம் மாலை போட்டிருப்பீங்க."