பின்னாலிருந்து வந்த காசு

ஹெர்லிந்தாவின் தோளில் பின்னாலிருந்து இரண்டு விரல்கள் தட்டின. காம்பி வேனுக்குள் தோளைத் தட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், என் காசை முன்னால் அனுப்புங்கள் என்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளங்கையை மட்டும் தோளுக்கு மேல் விரித்து நீட்டினாள். காசு விழுந்தது. ஈரமாக, ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் சில்லென்றிருந்தது. அதை முன் சீட்டுப் பெரியவரிடம் கொடுத்த பிறகுதான், தான் உட்கார்ந்திருப்பது கடைசி சீட்டு என்பது அவளுக்கு உறைத்தது.

அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது வண்டியின் பின்கண்ணாடி. சீட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு சாண் இடுக்கு. அதில் ஜாக்கியும் அழுக்குத் துணியும் கிடக்கும். ஒரு பூனை படுத்தாலே நெருக்கம்.

களைப்பு, வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்ள அவளுக்குக் காரணம் இருந்தது. காலையிலிருந்து வக்கீல்களின் அலுவலகத்தை மாடி மாடியாகத் துடைத்து, மெட்ரோவில் கரும்புச் சக்கையாகப் பிழிபட்டு, கடைசி நிலையத்தில் வெளியே வந்தால் மழை. காம்பிக்கு நின்ற வரிசை மேம்பாலத்தைத் தாண்டிப் போயிருந்தது. மலைக்குப் போகும் வண்டிகளின் முன்கண்ணாடியில் வழியை எழுதியிருப்பார்கள். ஒன்று நெடுஞ்சாலை வழி, மற்றது கல்லறை வழி. கல்லறை வழி ஊரைச் சுற்றிக்கொண்டு போகும், வீட்டில் யாரும் காத்திராதவர்கள் ஏறுகிற வண்டி. இவள் நெடுஞ்சாலை வண்டிக்காகவே நனைந்துகொண்டு நின்றாள்.

நின்று என்ன பயன்? சுங்கச்சாவடியில் லாரி ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டது என்று டிரைவர் யாரையும் கேட்காமல் வண்டியைக் கல்லறை வழியாகப் போகும் பழைய சாலைக்கு ஒடித்துவிட்டான். போன வாரம் கட்டணத்தை ஏற்றினான், இன்றைக்கு வழியை மாற்றினான், நாளைக்கு நம்மையே வண்டியைத் தள்ளச் சொல்வான் என்று பெரியவர் அலுத்துக்கொண்டார். சாவடி வாசலில் குடியிருக்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக இறங்கிக்கொள்ளலாம் என்று டிரைவர் சிரித்தான். ஒருவரும் இறங்கவில்லை. அலுத்துக்கொள்ளத்தான் தெம்பிருந்தது, சண்டை போட இல்லை.

கல்லறை வாசலில் ஒரு வேகத்தடை உண்டு. வண்டி அங்கே ஊர்ந்தது. பக்கக் கதவு திறந்தேதான் கிடந்தது, மழைச்சாரல் உள்ளே அடித்தது, மதிலோரத்துப் பூக்கடையில் விளக்கில்லை. யாரும் ஏறவில்லை. ஏறியிருந்தால் தெரிந்திருக்கும், காம்பியில் ஏறுகிறவன் எப்பேர்ப்பட்ட முரடனாக இருந்தாலும் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்லாமல் உட்காரமாட்டான். வணக்கம் எதுவும் கேட்கவில்லை. வண்டியின் பின்பக்கம் மட்டும் பாரம் ஏறினதுபோல் மெல்ல அமுங்கியது, அமுங்கினது மேலே எழவில்லை. பள்ளம் என்று அவள் நினைத்தாள். அதற்குப் பிறகுதான் அந்த விரல்கள் தட்டின.

காசு கை மாறிக் கை மாறி முன்னால் போய்ச் சேர்ந்தது. தூரத்துக்கேற்ற கட்டணம் என்பதால் டிரைவரின் கேள்வி வாய் மாறி வாய் மாறிப் பின்னால் வந்தது.

“இது எதுவரைக்கும்?” என்றார் பெரியவர்.

பூச்சாடியில் நாள்கணக்கில் மாற்றாமல் விட்ட தண்ணீரின் வாடை மட்டும் பின்னாலிருந்து அவள் காதோரமாக வந்தது. பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். காம்பியில் பக்கத்திலிருப்பவருக்காக நாம் பதில் சொல்வது சகஜம். தூங்கிவிட்டவருக்கு, காது கேளாதவருக்கு, குழந்தையைத் தூக்கிவைத்திருப்பவளுக்கு என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். ஹெர்லிந்தாவின் தலை வேலை செய்யவில்லை, வாய் வேலை செய்தது. தினமும் சாயங்காலம் அந்த வாய் சொல்லிப் பழகிய ஊர் ஒன்றுதான்.

“லாஸ் பீலாஸ்,” என்றாள்.

அது அவள் இறங்குமிடம். அங்கே மூலையில் ஒரே ஒரு வீடு, அது அவளுடையது.

மகள் நயேலிக்காக வாங்கிய, சோளமாவில் அவித்த இனிப்புத் தமால் மடியில் இருந்தது. ஏறும்போது தொடை சுடும்படி சூடாக இருந்தது. இப்போது தொட்டுப் பார்த்தாள். சோளத்தோலுக்குள் கல்லாகக் குளிர்ந்திருந்தது.

தன் கட்டணத்தை இன்னும் கொடுக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அந்த நினைவு ஆறுதலாகக்கூட இருந்தது. எல்லாரும் செய்கிற காரியத்தைச் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. சில்லறையைத் துழாவி எடுத்துப் பெரியவரிடம் கொடுத்து, லாஸ் பீலாஸுக்கு ஒன்று என்றாள். காசு போனது. அதே காசு திரும்பி வந்தது.

“அக்கா, உங்களுக்கும் சேர்த்துத்தான் பின்னாடியிருந்து வந்திருச்சே,” என்று டிரைவர் முன்னாலிருந்தே குரல் கொடுத்தான். “ரெண்டு பேருக்கு. கூட வர்றவங்க குடுத்துட்டாங்க.”

“என்கூட யாரும் வரல தம்பி.”

அவன் கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்து, பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தான். சற்று நேரம் பார்த்தான். பிறகு கையை உயர்த்தி, கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டான். வண்டியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டையும் அணைத்தான்.

பாட்டு நின்றதும் மற்றச் சத்தங்கள் கேட்கத் தொடங்கின. கூரையில் மழை. கழன்ற ஜன்னல் சட்டத்தின் கடகடப்பு. அதற்கும் அடியில், அவள் பிடரிக்குப் பின்னால், சொட்டுச் சொட்டாக ரப்பர் விரிப்பில் விழும் நீர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவரிருவராக இறங்கினார்கள். பெரியவரும் எழுந்தார். அவர் பின்னாலேயே முன் சீட்டுக்கு நகர்ந்துவிடலாம் என்று ஹெர்லிந்தா இடுப்பைத் தூக்கினாள். தோளில் விரல்கள் வந்தன. இம்முறை தட்டவில்லை. அப்படியே இருந்தன.

அவள் உட்கார்ந்தாள்.

நயேலிக்கு ஆறு வயது முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பக்கத்துத் தெரு ஒத்திலியா, தன் ராத்திரிக் கடையைத் திறக்கப் போகும்வரை அவளைப் பார்த்துக்கொள்வாள். இந்நேரம் போயிருப்பாள். கதவைத் தட்டுகிறவர்களுக்குத் திறக்கக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லி வைத்திருந்தது. ஆனால் வாசலில் காம்பி நிற்கும் சத்தம் கேட்டால் பிள்ளை தட்டும்வரை காத்திருக்கமாட்டாள். அம்மா வந்தாச்சு என்று அவளே தாழ்ப்பாளை எடுத்துவிடுவாள்.

அந்தத் தாழ்ப்பாளை நினைத்ததும் ஹெர்லிந்தாவின் களைப்பு எங்கோ போனது. பயம் போகவில்லை. பயத்தோடு பயமாக ஒரு முடிவு வந்தது. இது தன்னோடு வருகிறது. தனக்கும் சேர்த்துக் கட்டணம் கட்டியிருக்கிறது. தான் இறங்கினால் இறங்கும். அப்படியானால் இறங்கக் கூடாது. மலையுச்சியில் கடைசி நிறுத்தம் இருக்கிறது, அங்கே விளக்குண்டு, ஆட்களுண்டு, மாதா கோயிலுண்டு. தன்னை என்ன செய்தாலும் செய்யட்டும். வீட்டுக்கு மட்டும் கூட்டிப்போகமாட்டாள்.

“தம்பி,” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். “நான் லாஸ் பீலாஸ்ல இறங்கல. அங்க நிறுத்தாத. உனக்குப் புண்ணியமாப் போகும், நிறுத்தாம மேல போ.”

அவன் தலையை ஆட்டினான். கூடுதல் தூரத்துக்குக் கூடுதல் காசு என்று சொல்லவில்லை. வேகத்தை ஏற்றினான்.

லாஸ் பீலாஸின் பழைய தண்ணீர்த் தொட்டிகள் தெரிந்தன. கம்பத்து விளக்கு. மூலை வீட்டுச் சன்னலில் மஞ்சள் வெளிச்சம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சீட்டுக் கம்பியைப் பிடித்தாள்.

“மூலையில நிறுத்துங்க, இறங்கணும்.”

அவள் சொல்லவில்லை. அவள் வாய் மூடியிருந்தது. ஆனால் அது அவளுடைய குரல். அவளுடைய களைப்பு, சொல்லின் கடைசியில் அவள் விடும் மூச்சுகூட.

டிரைவரின் கால் யோசிக்கவில்லை. நாளெல்லாம் அந்தச் சொல்லுக்கு மிதித்துப் பழகிய கால். பிரேக்கை மிதித்தது. வண்டி நின்றது. திறந்த கதவு வழியாக மழை.

தோளிலிருந்து விரல்கள் எடுபட்டன. பின்பக்கம் மெல்ல மேலே எழுந்தது. அழுகிய பூவின் வாடை அவளைக் கடந்து, கதவு வழியாக வெளியே போனது. காற்று சுத்தமாயிற்று. அவளுக்கு அழுகை வந்தது. தப்பித்தோம் என்ற அழுகை. டிரைவர் வண்டியை உறுமவிட்டு ஏற்றத்தில் பாய்ந்தான்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

“நிறுத்து. நிறுத்துப்பா. என் பொண்ணு.”

அவன் ஏதோ கத்தினான். ஏற்றத்தில் நிறுத்தினால் வண்டி பின்னால் உருளும், மேலே சமதளம் வரட்டும் என்றான். அவள் கதவுக்குப் பாய்ந்தாள். வளைவு அவளைத் தூக்கிப் பின்சீட்டில் எறிந்தது. முகம் கண்ணாடியில் மோதியது.

கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. வெளிச்சத்தில் நயேலி. பள்ளிக்கூட ஸ்வெட்டர். கையில் துண்டு. அம்மா நனைந்து வருவாள் என்று எடுத்து வைத்திருந்த துண்டு. எதிரே யாருமில்லை. மழை மட்டும். பிள்ளை அண்ணாந்து பார்த்தாள். ஒரு பெரிய மனுஷியின் முகம் இருக்கும் உயரத்தை. சிரித்தாள்.

பிறகு நுனிக்காலில் எழும்பித் துண்டை விரித்தாள். அது கீழே விழவில்லை. ஒரு தலையின் வடிவில் குனிந்து, அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது. நயேலி அதை இரண்டு கைகளாலும் பிடித்துத் துவட்டத் தொடங்கினாள்.