யாருடையதும் அல்லாத அரிசிப் பை

மழை விட்டு, இடியும் ஓய்ந்து, பிள்ளைகள் முற்றத்துக்கு ஓடிவந்தபோது படையல் மேசையின் சிவப்புத் துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஓரத்தில் ஒரு சதுரம் மட்டும் காய்ந்து கிடந்தது. ஓர் அரிசிப் பை உட்காரும் அளவு. பையைக் காணோம்.

காய்ந்த சதுரத்தின் மேல் கை வைத்தபடி பனாய் நின்றிருந்தாள். நான்காம் வகுப்பு. மலையடிவாரத்து அமிஸ் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வருகிறவள்.

"திருடி!" என்று ஒரு குரல் கிளம்பியது. அது அடங்குவதற்குள் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி வீறிட்டாள்.

மேசைக்குக் கீழே, ஆவிகள் முகம் கழுவ வைத்திருந்த தண்ணீர்ப் பேசினின் விளிம்பில், தவளைப் படம் போட்ட சின்னத் துண்டு ஒன்று மடித்துப் போட்டிருந்தது. மதியம் அது அங்கே இல்லை. தவளைத் துண்டு யாருடையது என்பது நான்காம் வகுப்பு முழுவதற்கும் தெரியும். அவன் போன வருடப் புயல் வெள்ளத்தில் ஆற்றோடு போனவன். உடல் கிடைக்கவே இல்லை.

பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். வகுப்பாசிரியை தெங்கும் பின்வாங்கினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆவிகள் உலவும் ஏழாம் மாதத்தில் எங்கள் ஊரில் வீரம் பேசுகிறவன் எவனும் இருட்டியபின் ஆற்றுப் பக்கம் போனதில்லை.

அந்த மாதத்தில் வீடுவாசல் இல்லாமல் அலைந்து வரும் ஆவிகளை நாங்கள் மரியாதையாக அண்ணன்மார் என்போம். அவர்களுக்குப் படைத்த அரிசியும் நூடுல்ஸும் டப்பா மீனும் அன்று மாலையே தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளுக்குப் போகும். வண்டி தள்ளிப் போய்க் கொடுப்பது எங்கள் பள்ளிப் பிள்ளைகள். ஒவ்வொரு பையிலும் ஓர் ஊதுபத்தியும், கொண்டுவந்த பிள்ளையின் பெயர் எழுதிய முக்கோணக் காகிதக் கொடியும் செருகியிருக்கும். பத்தி எரிந்து முடிகிற வரை யாரும் எதையும் தொடக்கூடாது.

தலைமையாசிரியர் பெங் போலீசுக்குப் போன் போட்டார். ஒரு பை அரிசிக்குப் போலீஸா என்று கேட்காதீர்கள். அந்தத் துண்டைத் தொட ஓர் ஆள் வேண்டியிருந்தது.

பிற்பகல் 3.50. லியாவ் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நேராக முற்றத்துக்கு வந்தார். எங்கள் பகுதியின் பெண் காவலர். போன வருடம் அந்தப் பையனைத் தேடி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கியவர்களில் அவரும் ஒருவர். வெறுங்கையோடு கரையேறியதிலிருந்து அவர் ஆற்றுப் பாலத்தில் வண்டியை மெதுவாக ஓட்டியதே இல்லை.

துண்டைப் பார்த்ததும் அவரும் ஓரடி தள்ளி நின்றார். ஆனாலும் குனிந்து தொட்டார். பக்கத்தில் தொங்கிய இரண்டு பெரிய வெள்ளைத் துண்டுகளையும் தொட்டுப் பார்த்தார்.

"டீச்சர், பேசினை யார் வச்சது?"

"எதிர்க்கடை சு-யின். வருஷா வருஷம் அவங்கதான். மதியம் கடையைச் சாத்திட்டு வந்து பேசினையும் வெள்ளைத் துண்டையும் வச்சாங்க. பத்தி பிடிக்கக்கூட நிக்கல, உடனே போயிட்டாங்க."

"அப்போ இந்தத் தவளை இல்ல?"

"இல்லவே இல்ல."

"வெள்ளைத் துண்டு ரெண்டும் பிழிஞ்சா தண்ணி கொட்டுது. இது காஞ்சு மொறுமொறுன்னு இருக்கு" என்றார் லியாவ். "ஆத்துலருந்து எழுந்து வந்தவன் வச்சிருந்தா இதுதான் முதல்ல நனைஞ்சிருக்கணும்."

பின்னால் ஒரு பையன் சிரித்துவிட்டு, சிரித்ததற்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டான்.

லியாவ் மேசையைச் சுற்றி நடந்தார். விலை உயர்ந்த உலர்காளான் பெட்டி, டப்பா மீன் அடுக்கு, எண்ணெய் எல்லாம் அப்படியே இருந்தன. நடுவிலிருந்த பெரிய தூபக் கலயத்தில் முக்கால் எரிந்த ஊதுபத்தி ஒன்று தனியாக, செங்குத்தாக, கவனமாக நட்டிருந்தது. மேசைக்கு முன்னால் சிமென்டுத் தரையில் சிவப்புப் பிறைக்கட்டைகள் இரண்டு கிடந்தன. ஒன்று மல்லாந்திருந்தது, ஒன்று கவிழ்ந்திருந்தது. கேட்டதற்கு ஆவிகள் ஆமாம் என்று சொன்னால் அப்படித்தான் விழும்.

"யாராவது கட்டை போட்டீங்களா?"

"பத்தி முடிஞ்சப்புறம்தானே 'சாப்பிட்டாச்சா'ன்னு கேட்டுப் போடுவோம்" என்றார் தெங். "அதுக்குள்ள மழை வந்துடுச்சு. எல்லாரையும் உள்ள கூட்டிட்டுப் போயிட்டேன். மழை நின்னும் இடி நிக்கல. அதான் கொஞ்ச நேரம் வெளிய விடல."

"பனாய் எங்க இருந்தா?"

"அவ சர்ச்சுக்குப் போற பொண்ணு. பத்தி பிடிக்கமாட்டா. அந்த நேரத்துல சைக்கிள் கொட்டகையில போய் நிப்பா. மழையில அங்கயே மாட்டிக்கிட்டா."

"அங்கேயிருந்து நேரா வந்து எடுத்திருக்கா" என்றார் பெங். "இந்த வருஷம் அவ எதுவும் கொண்டுவரல. அவ பேர்ல கொடியே இல்ல. அஞ்சு மணிக்கு வண்டி கிளம்புது. அதுக்குள்ள ஒத்துக்கிட்டா அவங்கம்மாவைக் கூப்பிட்டுப் பேசுவேன். இல்லன்னா சேவைக் குழுவுலருந்து பேரை எடுத்துடுவேன். திருட்டுக் கையால கொடுத்த அரிசியைப் பெரியவங்க சாப்பிடணுமா?"

பனாய் அழவில்லை. உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து மணிக்குப் பிறகு இந்த ஊர் அவளை எந்தப் பெயரில் கூப்பிடும் என்று அவளுக்குத் தெரியும். எங்கள் ஊர் ஒரு முறை வைத்த பெயரை லேசில் எடுக்காது.

லியாவ் அவளைக் கொட்டகைப் பக்கம் அழைத்துப்போனார்.

"மேசையில கை ஏன் வச்ச?"

"காஞ்சிருந்துச்சு. தொட்டுப் பார்த்தேன், போலீஸ் அக்கா."

"இங்கேயிருந்து மேசை தெரியாது. ஏதாவது கேட்டுச்சா?"

"கட்டை விழுற சத்தம். டக் டக்னு. மூணு தடவை."

"போய்ப் பார்க்க வேண்டியதுதானே?"

பனாய் தலை குனிந்தாள். "பயமா இருந்துச்சு."

"நீ அரிசி கொண்டுவந்தியா?"

பனாய் ஒரு சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டு நின்றாள். பொய் சொல்லத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் உடனே ஏதாவது சொல்லியிருக்கும். லியாவ் அவளை விட்டுவிட்டு முற்றத்துக்குத் திரும்பினார்.

"எல்லாரும் போய் அவங்கவங்க பை பக்கத்துல நில்லுங்க" என்றார்.

நான்காம் வகுப்பு மேசையைச் சுற்றி நின்றது. ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர்க் கொடியைப் பிடித்துக்கொண்டது.

"பை காணாமப் போனவங்க கையைத் தூக்குங்க."

ஒரு கையும் உயரவில்லை.

பெங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லார் பையும் இருக்கா? அப்போ எதைத்தான் காணோம்?"

"அதான் சார் எனக்கும் தெரியணும்" என்ற லியாவ் காய்ந்த சதுரத்தைக் காட்டினார். "பசங்களா, இந்த இடத்துல இருந்த பையில யார் பேர் கொடி இருந்துச்சு?"

எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்தன. சிரித்து மாட்டிக்கொண்ட அதே பையன்தான் கடைசியில் முணுமுணுத்தான்.

"சொல்லக்கூடாது."

"ஏன்?"

"இந்த மாசம் செத்தவன் பேரைச் சொன்னா திரும்பிப் பார்ப்பான். டீச்சர்தான் சொன்னாங்க. அவன் பையை அவனே வந்து எடுத்துட்டுப் போயிட்டான். விட்டுடுங்க அக்கா."

தெங் டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. லியாவ் அவரையும் பெங்கையும் அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். பனாயும் உள்ளே வந்து கதவோரம் நின்றாள்.

4.20.

"போன வருஷம் பனாய் அரிசி கொண்டுவந்தாளா?"

"கொண்டுவந்தா. கொடிகூட நல்லா ஞாபகம் இருக்கு" என்றார் தெங். "போன வருஷம் கொண்டுவராதது ஒரே ஒரு பிள்ளைதான். அவங்கம்மாகிட்டகூட..." சட்டென்று நிறுத்திக்கொண்டார். "அது வேண்டாம் மேடம். இந்த மாசத்துல வேண்டாம்."

"சரி, பேர் வேண்டாம்" என்றார் லியாவ். "நான் சொல்றதைக் கேளுங்க. எல்லார் பையும் இருக்கு, ஒருத்தி பையைத் தவிர. அப்போ காணாமப் போனது பனாயோட பைதான். அவ கொண்டுவந்தா, ஆனா தன் பேரை எழுதல. செத்துப்போன கூட்டாளி பேரை எழுதி வச்சா. பசங்க அதைப் பார்த்தாங்க. பயந்துபோய் வாயைத் திறக்கல. இவளும் திறக்கல. தன் அரிசியை யாராவது திருடுவாங்களா சார்?"

பனாயின் கண்ணிலிருந்து அப்போதுதான் நீர் இறங்கியது.

"எடுத்த ஆள் மழை நின்னப்புறம் வந்திருக்கார். சதுரமும் காஞ்சிருக்கு, துண்டும் காஞ்சிருக்கு. வந்தது அந்தத் துண்டை வைக்க. அவன் வந்து முகம் கழுவினா பெரியவங்க துண்டுல துடைக்கக்கூடாதுன்னு நினைச்ச ஆள். அப்போ கொடி கண்ணுல பட்டிருக்கு. சாதாரணத் திருடன்னா காளான் பெட்டியைத் தூக்கியிருப்பான், பத்தியைப் பிடுங்கி எறிஞ்சிருப்பான். இவங்க பத்தியைப் பத்திரமா கலயத்துல நட்டிருக்காங்க. கட்டை போட்டு அனுமதி கேட்டிருக்காங்க. பத்தியே தொடாத பனாய் இதெல்லாம் செய்வாளா?"

"யாரு மேடம்?" என்றார் தெங். அவருக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

லியாவ் ஜன்னலைத் திறந்தார். சாலைக்கு அந்தப் பக்கம் சு-யினின் கடைக் கதவு இறக்கியிருந்தது. புகைபோக்கியில் ஆவி வந்துகொண்டிருந்தது.

"நான் ஸ்கூட்டரை விட்டு இறங்கினப்பவே மூக்குல ஏறின வாசனை. அது காலைச் சாப்பாட்டுக் கடை. முட்டைத் தோசையும் சோயாப் பாலும்தான் போடுவாங்க, அதுவும் மதியத்தோட சரி. சாத்தின கடையில சாயங்காலம் சோறு வேகுது. யாருக்கு?"

சு-யினுக்கு, ஆற்றோடு போன அந்த ஒரு பிள்ளைதான் இருந்தான்.

லியாவ் சாலையைக் கடக்கும்போது நடை தளர்ந்தது. பனாய் பின்னாலேயே வந்தாள். இவளைக் காப்பாற்ற வேண்டுமானால் கொடியை எழுதியது யார் என்று அந்தத் தாயிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால், வந்துவிட்டான் என்று அவர் நம்பியிருக்கும் மகன் இரண்டாவது முறை போய்விடுவான். ஒரு முறை அவனைக் கொண்டுவர முடியாமல் கரையேறிய கால்கள் இப்போது வாசலில் நின்றுவிட்டன.

கதவைத் திறந்த சு-யினின் முகத்தில் ஒரு வருடமாக யாரும் பார்க்காத வெளிச்சம் இருந்தது. உள்ளே மேசையில் ஒரு கிண்ணம் சோறு ஆவி பறக்க இருந்தது. பக்கத்தில் சாப்பிடச் சின்னக் குச்சிகள், ஒரு கண்ணாடித் தம்ளரில் காகிதக் கொடி.

"நானே வந்து சொல்லலாம்னு இருந்தேன், லியாவ். கொண்டுவந்தவங்க பேர்தானே கொடியில இருக்கும்? அப்போ அவன் வந்திருக்கான். 'நீயாடா?'ன்னு கேட்டேன். மூணு தடவையும் ஆமாம்னு விழுந்துச்சு. அதான் எடுத்துட்டு வந்து ஆக்கிட்டேன். எதிர்ல பள்ளிக்கூடத்துல அந்தப் பொண்ணைத் திட்டுறது காதுல விழுந்துச்சு. சோறு வெந்ததும் போகலாம்னு..." சொல்லும்போதே அவர் வெட்கிப்போனார்.

லியாவின் பார்வை கொடியிலிருந்து பனாய்க்குப் போனது.

"நான்தான் எழுதினேன் அத்தை" என்றாள் பனாய்.

சு-யின் அவளையே பார்த்தார். முகத்திலிருந்த வெளிச்சம் மெல்ல அணைந்தது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"எதுக்கும்மா?" என்றார். அதில் கோபமே இல்லை. அதுதான் கேட்க முடியாமல் இருந்தது.

"போன வருஷம் எங்க வீட்ல அரிசி இல்ல. நான் லீவு போடறேன்னு சொன்னேன். அவன் தன் பையில என் பேரை எழுதி வச்சிட்டான். இந்த வருஷம் அம்மாவுக்கு வேலை கிடைச்சுது. அதான் நான் அவன் பேரை எழுதினேன்."

சு-யினின் கை மேசை விளிம்பை இறுகப் பிடித்தது. "அன்னிக்கு டீச்சர் சொன்னாங்க, உங்க பையன் ஒண்ணும் கொண்டுவரலன்னு. என் கையால அளந்து கட்டிக்கொடுத்த அரிசி. எங்கடா தொலைச்சேன்னு கேட்டேன். வாயே திறக்கல. அறைஞ்சேன். அந்த வாரம்தான் புயல்."

பிறகு சு-யின் எழுந்தார். அடுப்பை அணைத்தார். அடுக்களையிலிருந்து தன் சொந்த அரிசி மூட்டையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மறு கையால் பனாயைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தார்.

பள்ளி வாசலில் வண்டி தயாராக நின்றது. எல்லாப் பிள்ளைகளும், வேடிக்கை பார்க்க வந்த பாதி ஊரும் இருந்தார்கள்.

"அரிசியை எடுத்தது நான்" என்றார் சு-யின், எல்லோருக்கும் கேட்கும்படி. "இந்தப் பொண்ணு தொடவே இல்ல. இது என் பையன் ஜியான் போ-ருய்யோட கூட்டாளி."

ஏழாம் மாதத்தில் அந்த முழுப் பெயரைக் கேட்டதும் கூட்டத்தில் சிலர் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள். பெங் பனாயின் முன்னால் வந்து, பிள்ளைகள் பார்க்கத் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். அந்த மட்டில் அவரைப் பாராட்டலாம்.

வண்டி கிளம்பியது. சு-யினும் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினார். ஆற்றுப் பாலத்தின் மேல் போகும்போதுதான் கேட்டார்.

"ஏம்மா, அறைஞ்சப்பகூட அவன் ஏன் சொல்லல? உன்கிட்ட ஏதாவது சொன்னானா?"

"சொன்னான் அத்தை. 'அம்மாகிட்ட சொன்னா அன்னிக்கே ஒரு மூட்டை அரிசியோட உங்க வாசல்ல வந்து நிப்பாங்க. உனக்கு வெட்கமாயிடும். அறை பரவாயில்ல'ன்னான்."

சு-யின் வண்டியை விட்டுவிட்டுப் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கீழே மழைத் தண்ணீர் கலங்கலாக ஓடியது. அவர் அதைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஆமாண்டா" என்றார். "நின்னிருப்பேன்."