கிராணியார் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள்

"ஐயையோ... மிதிக்காதீங்க! மிதிச்சிட்டீங்களே!"

மழைக்குப் பயந்து பிரிக்பீல்ட்ஸ் அச்சகம் ஒன்றின் முன்னால் கூரை போட்ட ஐந்தடிப் பாதைக்குள் ஓடி வந்த இராசேஸ்வரி, அந்தச் சத்தத்தில் ஒற்றைக் காலிலேயே நின்றுவிட்டாள். தரை முழுக்கப் படங்கள்... கப்பல் ஒன்று, ரப்பர் மரங்கள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசையான லயத்து வீடுகள். அவளுடைய ஈரச் செருப்பு நட்ட நடுப் படத்தில் அழகாகப் பதிந்திருந்தது.

"நடக்கிற இடத்துல யாராவது படத்தக் காயப் போடுவாங்களா?" தப்பு தன்மேல் என்றால் குரல் உயரத்தானே செய்யும்?

"கிள்ளான் பஸ்ஸ விட்டு எறங்குறதுக்குள்ள நனைஞ்சிருச்சிக்கா. வேற எங்க காயப் போடுறது, உங்க தலையிலயா?"

அக்காவாம்! இருபத்து நான்கு வயதில் அக்கா... சுரீரென்று நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் சொல்ல வந்ததை மறந்தாள். அவன் இமையில் ஒரு மழைத்துளி தொங்கிக்கொண்டிருந்தது. விழுமா, விழாதா... அதற்குக் கீழே, எப்போதடா சிரிக்கலாம் என்று காத்திருந்த இரண்டு கண்கள்.

"நான் வாசு. லோரிக்குப் பேர் எழுதுற ஆளு. இது சின்னப் பிள்ளைங்களுக்குப் படக்கதை. வெள்ளைக்காரன் நம்மளக் கப்பல்ல கொண்டாந்து காட்டுல விட்ட கதை. நம்ம பிள்ளைங்க புத்தகத்துல பனி பெய்யுது, ஆப்பிள் காய்க்குது... பால்மரம் எங்கயாவது இருக்கா? உள்ள பழனியப்பன் பாஸ் அச்சடிச்சித் தரேன்னுட்டாரு."

பாலர் பள்ளி ஆசிரியையான அவளுக்கு அதைக் கேட்டதும் மனசு இளகிவிட்டது. கைக்குட்டையை எடுத்துச் சேற்றை ஒற்றினாள். சேறு போகப் போக ஒரு முகம் தெரிந்தது. வெள்ளைக் கால்சட்டை, காதில் செருகிய பேனா, இடது புருவத்துக்கு மேல் மச்சம். அவர் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறது ஒரு புதுச் சைக்கிள். மிதிப்பவர் ஒரு தொழிலாளி, முன் கம்பியில் ஒரு சிறுவன்.

"இது... யாரு?"

"எங்க தோட்டத்துக் கிராணி. ஆபீசுல கணக்கெழுதுறவரு. வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்த துரை லா! அவர் வீட்டத் தாண்டும்போது கூலிக்காரன் சைக்கிள விட்டு எறங்கித் தள்ளிட்டுத்தான் போகணும். எங்கப்பா புதுச் சைக்கிள் வாங்குன அன்னிக்கு, என்ன முன்னால வச்சி, எறங்காமயே போனாரு. மறுநாள் சட்டிபானையோட ரோட்டுல நின்னோம். அறுபத்தொண்ணுல... எனக்கு ஒம்பது வயசு."

அந்த நாள் அவளுக்கும் நினைவிருந்தது. படத்தில் இருந்தவர் கனகலிங்கம், அவளைப் பெற்ற அப்பா.

அன்றே சொல்லிவிட்டு ஓடியிருக்கலாம். அதுதான் புத்தி. ஆனால் பாழாய்ப்போன மனசு கேட்டால்தானே? அடுத்த சனிக்கிழமை, பிள்ளைகளுக்கு எந்த வார்த்தை புரியும் என்று பார்த்துச் சொல்கிறேன் என்று சாக்குச் சொல்லி வந்தாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தாள். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அவளுக்கு மடி நிறையக் கனம். கிராணி வீட்டுப் பெண் என்று காட்டிக்கொடுக்கும் யாழ்ப்பாணத் தமிழ் வாய்தவறி வந்துவிடுமோ என்று பயம். கோயில் பக்கம் அப்பாவைத் தெரிந்த யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களோ என்று பயம்.

"அப்பா என்ன வேலை டீச்சர்?"

"ரிட்டயர் ஆயிட்டாரு... இந்தக் கப்பலுக்கு இன்னும் கொஞ்சம் நீலம் போடலாமே?"

"நீங்க சிரிக்கும்போதுகூட யாரோ பின்னால நிக்கிற மாதிரியே பாக்குறீங்க. ஏன்?"

ஐந்தாவது வாரம் அவன் சந்தோஷமாய் ஒரு சேதி சொன்னான். வரும் சனிக்கிழமை படக்கதை அச்சுக்குப் போகிறதாம், தோட்டப் பள்ளிகளுக்கெல்லாம் போகுமாம். ஊரெல்லாம் அப்பாவின் முகம்... சொன்னால் இவன் போய்விடுவான். சொல்லாவிட்டால் அது காதலா, துரோகமா? எழுத்துச் சரிபார்க்க வேண்டும் என்று அந்த ஒரு படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

"அப்பா... இதைப் பாருங்கோ."

கனகலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இதய நோய்க்காரர்... ஏன் காட்டினோம் என்றிருந்தது அவளுக்கு.

"மச்சத்தைக்கூட விடேல்லை," என்றார் கடைசியில்.

"துரை சொல்லித்தானே அப்பா அந்த வேலைநீக்கக் கடிதம் எழுதினீங்கள்?" பொய்யாவது சொல்லுங்களேன் என்று அவள் மனசு கெஞ்சியது.

"துரை கேக்கவேயில்லை, பிள்ளை. நானாத்தான் எழுதிக் குடுத்தனான். அவர் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்." அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "ஆர் கீறினது?"

"சைக்கிளில முன்னுக்கு இருக்கிற அந்தப் பெடியன். நான்... நான் விரும்புறவர், அப்பா."

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. "அவனை இஞ்சை கூட்டிக்கொண்டு வராதை. அவன்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?" என்று சொல்லிவிட்டு, அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமையும் மழை. வாசு அச்சக வாசலில் நின்றான். அவள் படத்தை நீட்டினாள்.

"வாசு... இந்தக் கிராணி எங்கப்பா."

அவன் படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கண்ணில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"மொத நாளே தெரியுமா?"

"ஓம். தெரியும்." இனி எதை மறைக்க? "இன்னொண்ணும் இருக்கு. அன்னிக்கு நான் ஜன்னல்ல நின்னேன். ஆறு வயசு. நீங்க சைக்கிள் மணி அடிச்சீங்க... நான் சந்தோஷத்துல கை தட்டினேன். அந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் அப்பா வெளிய வந்தாரு. இல்லாட்டி யாரும் பாத்திருக்கவே மாட்டாங்க, வாசு. இவ்வளவு நாளும் அத யார்கிட்டயும் சொல்லல."

அவன் படத்து மச்சத்தில் விரலை வைத்தான்.

"மொகத்த மாத்திடவா? மச்சத்த எடுத்துட்டா யாருக்கும் தெரியாது."

"வேணாம். பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லாதீங்க. ஜன்னல்ல என்னையும் வரைங்க." அழுகையை அடக்க முடியவில்லை. "என்ன வெறுத்துட்டீங்களா?"

"வெறுக்கணும்னுதான் பாக்குறேன்... முடியல லா! சனிக்கிழமைய நெனச்சித்தான் இப்பல்லாம் பிரஷ்ஷையே தொடுறேன். ஆசை வச்சிட்டேன் டீச்சர், என்ன செய்ய?" அவன் குரல் தாழ்ந்தது. "ஆனா உங்க வீட்டுக்கு வரணும்னா பயமா இருக்கு. இருபத்தேழு வயசாச்சி. இன்னிக்கும் ஒரு பெரிய வீட்டத் தாண்டும்போது காலு தானா சைக்கிள விட்டு எறங்குது."

இராசேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பயம் போகவில்லை. பயத்தோடேயே சொன்னாள்.

"எனக்கும் நீங்கதான் வேணும். நாளைக்குச் சைக்கிள்ல வாங்க. அப்பா கதவத் திறப்பாரான்னு தெரியல. நான் வாசல் கேட்டத் திறந்து வச்சிட்டு ரோட்டுலயே நிக்கிறேன். வாசு... எறங்காமயே உள்ள வாங்க."